பவுனம்மாள் யாரிடம் பேசினார்?

மருந்தாய்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் அக்கா என்று உங்கள் பொறுப்பாளர் கேட்டார். நல்லதாக எழுத எனக்கு வராது என்பது அவருக்கே தெரியும். பணியில் இருந்த காலத்திலேயே வாய்த்துடுக்கு என்று பெயர் வாங்கியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு திருந்தியிருப்பேன் என்று அவர் எதிர்பார்த்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ரத்தம் எடுக்கும் குப்பிக்கு எந்த நிற மூடி, எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து என்பதெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதை நானும் சொல்லி உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை. ஒரே ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். பவுனம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவல்ல. ஆய்வில் சேர்ந்தவர்களின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்ற பாடமாவது இதற்குள் உங்களுக்கு நடந்திருக்கும்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியாக இருந்துவிட்டு, கடைசிப் பத்துப் பதினைந்து வருடம் அங்கேயே ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவர்களுக்கு ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அது வேலை செய்கிறதா, கெடுதல் எதுவும் செய்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. திருவையாற்றுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நிறையப் பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் வயல் வேலை செய்பவர்கள். பவுனம்மாளும் அவர் கணவர் கலியபெருமாளும் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துவந்தார்கள். ஒரே மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான்.

ஆரம்பத்தில் நாங்களே வீடு வீடாகப் போவோம். மருத்துவமனை வண்டியில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மூன்று ஊர் முடிப்போம். போன வீட்டிலெல்லாம் தின்பண்டமும் மோரும் கொடுத்துக் கொடுத்து எனக்கே சர்க்கரை வரவைத்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் நிர்வாகத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கயல் வந்தது.

இயந்திரம் என்றாலே இந்தக் கிழவிக்கு ஆகாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கண்ணைப் படம் பிடித்து நோய் சொல்லும் மென்பொருள் எங்களிடம் வந்தபோது, களைத்துப்போன டாக்டர் ஒருவர் ஒன்றுமில்லை என்று அனுப்பிய ஆளை அது பிடித்து நிறுத்தியது. விழித்திரையில் ரத்தக் கசிவு. மருத்துவமனை வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் அவர். இன்றைக்கும் கண் தெரிந்து டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார். அந்த மென்பொருளுக்கு நான் ஒரு கும்பிடு போட்டவள்தான்.

கயல் வேறு வகை. அது ஒரு குரல். வெளியூர் நிறுவனம் ஒன்று செய்து கொடுத்தது. ஆய்வில் இருப்பவர்களுக்கு வாராவாரம் தானாகவே போன் செய்து, நம் ஊர்ப் பெண் பேசுவது போலப் பேசும். மாத்திரை சாப்பிட்டீர்களா, உடம்பில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்கும். தொந்தரவு என்று யாராவது சொன்னால் அவர் பெயர் எங்கள் கணினித் திரையில் சிவப்பாகும். உடனே வரவழைத்து ரத்தம் எடுப்போம். இல்லை என்றால் பச்சை. பச்சையாக இருப்பவருக்கு அடுத்த சோதனை சில மாதம் கழித்துத்தான்.

அந்தக் குரலைச் செய்தவர்கள் அதற்குப் பாசத்தையும் ஊட்டியிருந்தார்கள். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன் என்றால் "ரொம்ப சந்தோஷம்மா" என்று குழையும். உடம்பு சரியில்லை என்றால் "அச்சச்சோ, கேக்கவே கஷ்டமா இருக்கும்மா" என்று தழுதழுக்கும். எந்த நேரத்தில் கூப்பிட்டால் ஆட்கள் போனை எடுக்கிறார்கள் என்பதையும் அதுவே கற்றுக்கொண்டது. வயலிலிருந்து திரும்பிக் கைகால் கழுவி வீட்டில் விளக்கு வைக்கும் நேரம் என்று கண்டுபிடித்து, எல்லோரையும் அந்த நேரத்திலேயே கூப்பிடத் தொடங்கியது. எங்கள் நிர்வாகிக்கு வாயெல்லாம் பல். நான் முணுமுணுத்தபோது, "அக்காவுக்கு வெயில்ல அலையறதுதான் பிடிக்கும்போல" என்று சிரித்தார்.

ஆய்வில் சேரும்போது தரும் ஒப்புதல் தாளில், தானியங்கிக் குரல் அழைப்புகள் வரும் என்று அச்சிட்டிருந்தது. அதை வாசித்தும் காட்டினார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். தானியங்கி என்றால் போனில் பாட்டு விற்கிற குரல் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அது யாரையும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டதில்லையே.

ஒரு நாள் அந்த நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பவுனம்மாள் என்பவருடைய அழைப்புகள் மிகவும் நீள்கின்றன, சம்பந்தமில்லாத பேச்சு அதிகம், சுருக்கமாகப் பேசச் சொல்லுங்கள் என்று. என்னதான் பேசுகிறார் என்று பார்ப்போமே என்று பதிவுகளைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த பெண்களும் வேலையை விட்டுவிட்டுக் கேட்க வந்தார்கள்.

"வணக்கம்மா, நான் கயல் பேசுறேன். நல்லா இருக்கீங்களா?"

"வா கண்ணு. நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

"மாத்திரை தவறாம சாப்பிட்டீங்களா?"

"ஒருவேள கூட விடல. நீ கேப்பியேன்னே போட்டுடுறேன்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"ஒனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா கண்ணு?"

"மன்னிக்கணும், நீங்க சொன்னது புரியல. உடம்புல ஏதாவது தொந்தரவு இருக்கா?"

பவுனம்மாள் சிரிக்கிறார். பக்கத்தில் இருக்கும் கணவரிடம், "வெக்கப்படுது பாருங்க" என்கிறார்.

அறையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். மகனுக்குப் பெண் பார்த்துவிட்டார் அக்கா என்றாள் ஒருத்தி. சிரித்து முடித்து மற்றவர்கள் எழுந்து போனார்கள். எனக்கு விட மனசில்லை. முதலில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

பசு கன்று போட்டது, வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வந்தது, மகன் போன் பண்ணி நாளாகிறது, கலியபெருமாளுக்கு முழங்கால் வலி என்று அத்தனையும் அந்தக் குரலிடம் சொல்லியிருந்தார். பழைய பதிவு ஒன்றில் தலைவலி என்று சொல்கிறார். குரல் தழுதழுக்கிறது: "அச்சச்சோ, கேக்கவே கஷ்டமா இருக்கும்மா." பவுனம்மாள் பதறிவிடுகிறார். "ஐயையோ, நீ ஏன் கண்ணு கஷ்டப்படுற? ஒண்ணுமில்ல, இப்பச் சரியாப் போச்சு." திரையில் சிவப்பு மறைந்து பச்சை வந்திருந்தது. அதற்குப் பிறகு எந்த வாரமும் அவர் தன் உடம்பைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை.

கடைசியாக வந்த சில பதிவுகளில் அவர் குரல் இறங்கியிருந்தது. ஒன்றில் பின்னாலிருந்து கலியபெருமாள் பேசுவது கேட்டது.

"சோறு எறங்கலன்னு சொல்லேன். ஒடம்பெல்லாம் அரிக்குதுன்னு சொல்லேன் புள்ள."

"சும்மா இருங்க. வெளக்கு வச்ச நேரத்துல, சின்னப் பிள்ளகிட்டப் போயி அதையெல்லாம் சொல்லிக்கிட்டு."

குரல் கேட்கிறது: "உடம்புல ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"உங்க உடம்பு சீரா இருக்கும்மா. அடுத்த வாரம் பேசலாம்."

கலியபெருமாள் சொன்னதைப் பின்னணி இரைச்சல் என்று குறித்துவைத்திருந்தது மென்பொருள். அந்த மாத்திரை சிலருக்கு ஈரலைத் தாக்கலாம், பசி போவதும் அரிப்பும் அதன் முதல் அறிகுறிகள் என்று எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் தொடக்கத்திலேயே இருந்தது. உடனே போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு வாடகைக் கார் பிடித்து நானே போய்விட்டேன்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் வயலில் ஆட்கள். பவுனம்மாளை வயலில் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக் கொல்லையில் இருந்தார். கலியபெருமாள் அம்மியில் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பவுனம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் இரண்டும் மஞ்சள்.

"மஞ்சக்காமாலதாங்க. மோர்ல கலந்து குடிச்சுட்டு, பத்தியமா இருக்கேன். அரிப்பு மொதல்ல சேத்தாலதான்னு நெனச்சேன், நாத்துப் பறிக்கப் போனேன்ல" என்றார் சாதாரணமாக.

"ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"அத எப்படிங்க நிறுத்துறது? அந்தப் பொண்ணு கேக்குமே."

உடனே கிளம்பச் சொன்னேன். அவர் மறுத்தார். நடவு முடியட்டும் என்றார். அப்புறம் என்னைப் பார்த்துச் சந்தேகமாக, "கயலு ஒண்ணுமில்லன்னுதான சொல்லுச்சு. ஒடம்பு சீரா இருக்குன்னு போன வாரங்கூடச் சொன்னுச்சே" என்றார். அந்த வீட்டுக்கு நான் முன்பு போயிருக்கிறேன், மோர் குடித்திருக்கிறேன். என் முகம் அவருக்கு நினைவிருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் கயல்தான்.

கலியபெருமாள்தான் வழி செய்தார். "ஏ, அந்தப் பொண்ணுதான் இவங்கள அனுப்பியிருக்கும். வெவரம் புரியாம நின்னுகிட்டு. கெளம்பு" என்றார். பவுனம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. சுவரைப் பிடித்து எழுந்து போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். வரும்போது கையில் ஒரு பை. குறுவை நெல்லில் இடித்த அவல், கயலுக்கு. நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவரை வண்டியில் ஏற்ற வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு அப்போது தெரிந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவை எங்கள் டாக்டர் திரும்பத் திரும்பப் படித்தார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனசு உள்ளவர், ஆய்வுக்குப் பொறுப்பானவரும் அவர்தான். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஈரல் கைவிட்டுக்கொண்டிருந்தது. மாத்திரையை நிறுத்தினோம், செய்யக்கூடியதையெல்லாம் செய்தோம். மாற்று ஈரல் வைக்க முடியுமா என்று சென்னையில் பெரிய இடங்களில் எல்லாம் கேட்டார். பழுதான சிறுநீரகத்தோடு இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூருக்குச் சொல்லி அனுப்பினோம். மகன் விடுப்புக் கேட்டு, டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான்.

வார்டில் பவுனம்மாள் சில வேளை மயங்கிக் கிடப்பார். காலையில் தெளிவாக இருப்பார். தெளிந்ததும் முதல் கேள்வி, "கயலு வந்துச்சா?" கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அவல் பை தலைமாட்டில் இருந்தது. யாரையும் அதைத் தொட விடவில்லை. "அவன் வந்ததும் ஒரு தடவ அந்தப் பொண்ணக் கண்ணால பாத்துட்டாப் போதும் சிஸ்டரு. அப்பா அம்மா யாருன்னு கேட்டுப் பேசி முடிச்சுடலாம்" என்றார் என்னிடம். நான் ஊசி மருந்தைச் சரிபார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

இந்தச் செய்தி கயலைச் செய்த நிறுவனத்துக்கும் போனது. அங்கிருந்து ஓர் இளைஞர் கூப்பிட்டார். அவரை வில்லனாக்க எனக்கு இஷ்டமில்லை. உண்மையிலேயே அழுகிற குரலில்தான் பேசினார். "நாங்க கயல அவங்ககூடப் பேச வைக்கிறோம் மேடம். அவங்க பேரச் சொல்லி, ஆறுதலா. இப்ப இருக்கற வசதில அவங்க என்ன கேட்டாலும் நிஜ ஆள் மாதிரியே பதில் சொல்லும். அந்த அம்மா நிம்மதியா இருப்பாங்க" என்றார். எங்கள் அலுவலகத்திலேயே குரல் இனிமையான ஒரு பெண் இருந்தாள். "மெஷின் எதுக்கு அக்கா? நான் போய், நான்தான் கயல்னு நிக்கிறேன். அவலை வாங்கிக்கிறேன்" என்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவளுக்கு.

டாக்டரிடம் போனேன். அவர் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. "எனக்குத் தெரியல சிஸ்டர். அவங்க மனசு உங்களுக்குத்தான் தெரியும். அவ்வளவு பதிவையும் கேட்டிருக்கீங்க. நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா சீக்கிரம் பண்ணுங்க" என்றார்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? இதற்குச் சரியான விடை எழுதி மதிப்பெண் வாங்க முடியாது. சாகப் போகிற ஒரு மனுஷிக்கு ஆசைப்பட்ட குரலைக் கேட்கவைப்பதில் என்ன கெட்டுப்போகிறது என்று நானும்தான் நினைத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். போனில் "சரி, பண்ணுங்க" என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது.

சொல்ல முடியவில்லை. அந்தக் குரல் சந்தோஷப்படும் என்றுதான் அவர் ஒரு மாத்திரை விடாமல் சாப்பிட்டார். அது கஷ்டப்படும் என்றுதான் வலியை மறைத்தார். அந்தச் சந்தோஷமும் கஷ்டமும் யாருக்குமே இருந்ததில்லை. அதே குரலை மறுபடியும் அவர் காதருகே கொண்டுபோய் "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆய்வுக்கு என்று உடம்பைக் கொடுத்தவர் அவர். அவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு, சாகும்போதும் உண்டு. எனக்குப் பட்டது அவ்வளவுதான். சரிதானா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

முதலில் கலியபெருமாளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சொன்னேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று.

"மிஷினா?"

"ஆமாங்க."

"கஷ்டமா இருக்குன்னு சொல்லுச்சேம்மா."

"அப்படிச் சொல்லச் சொல்லி வச்சிருக்காங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தெம்பு இல்ல" என்றார்.

மறுநாள் காலையில் பவுனம்மாள் தெளிவாக இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கயல் என்று யாரும் இல்லை, அது மிஷின் பேசின குரல் என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கணவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கூரையைப் பார்த்தபடியே கிடந்தார். திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் பேசுனதையெல்லாம் யாரு கேட்டா?" என்றார்.

"நான் கேட்டேன் பவுனம்மா. ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டேன்."

என் பக்கம் திரும்பினார். "மாடு கன்னு போட்டத?"

"கேட்டேன்."

"எம் புள்ள போன் பண்ணாதத?"

"கேட்டேன்."

"இவரு சோறு எறங்கலன்னு சொன்னாரே, அதயுமா?"

"அதயும் கேட்டேன்."

கொஞ்சம் யோசித்தார். கையை என் கையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார்.

"எப்பக் கேட்டீங்க சிஸ்டரு?"

எத்தனையோ அதிகாரிகள் என்னைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. இவருக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும். "ஒங்க வீட்டுக்கு வந்தேன்ல... அதுக்கு மொத நாளு" என்றேன்.

"அப்படியா" என்றார். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார். அன்று மாலை மயக்கத்தில் போனவர் திரும்பவில்லை. மகன் வந்து சேர்ந்தபோது உடலைத்தான் பார்த்தான். கலியபெருமாள் அவல் பையை எடுத்துக்கொண்டு போனாரா, வார்டிலேயே விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆய்வில் இருப்பவர் இறந்தால் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம் உண்டு. பாதிப்பு பற்றி மருத்துவமனைக்குத் தெரிந்த நாள் எது என்று கேட்டிருக்கும். தெரிந்த மறுநாளுக்குள் நாம் தகவல் கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. அவரை அழைத்துவந்த அன்றே தகவல் கொடுத்துவிட்டோம் என்பதால், நான் பதிவுகளைக் கேட்ட நாளைப் போட்டால் எங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கலியபெருமாள் குரல் பதிவான நாளைப் போட்டால், தெரிந்தும் சும்மா இருந்தோம் என்றாகும். ஆய்வை எங்கள் ஊரில் மூடிவிடக்கூட வாய்ப்புண்டு. அதை நம்பி எங்கள் அறையில் சம்பளம் வாங்கியவர்கள் பலர்.

மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகி பொறுமையாகச் சொன்னார். "மிஷின் கேட்டது நாம கேட்டதா ஆகாது அக்கா. மனுஷங்க யாரும் கேக்கலயே. நீங்க கேட்ட நாளப் போடுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

"பவுனம்மா நல்லா இருக்கேன்னு மிஷின்கிட்டச் சொன்னாங்க. அத நம்ம அறிக்கையில எழுதி அனுப்பினோமா இல்லையா?" என்று கேட்டேன்.

"அனுப்பினோம்."

"அது நம்ம காதுல விழுந்த கணக்குன்னா, கலியபெருமாள் சொன்னது மட்டும் யாரு காதுல விழுந்துச்சு?"

அந்த இனிய குரல் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதுதான் வீட்டுக்கடன் கிடைத்திருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பேனாவை எடுத்தேன். கலியபெருமாள் குரல் பதிவான தேதியை எழுதி, தாளை டாக்டர் பக்கம் நகர்த்தினேன். அவர் படித்தார். அதன் கீழே கையெழுத்துப் போடுவது அவருடைய பெயருக்குக் கெடுதல். கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டார்.

ஆய்வு எங்கள் ஊரில் மூடப்பட்டது. மற்ற ஊர்களில் அந்த மாத்திரை சாப்பிட்டவர்களையெல்லாம் உடனே வரவழைத்து ரத்தம் எடுத்தார்கள். அதில் சிலருக்கு ஈரல் பாதிக்கத் தொடங்கியிருந்தது, நல்லவேளையாகத் தொடக்கத்திலேயே தெரிந்தது. கயல் இப்போது பேச்சை ஆரம்பிக்கும்போதே நான் இயந்திரம் என்று சொல்கிறதாம், வாராவாரம் பதிவுகளை ஓர் ஆள் உட்கார்ந்து கேட்கிறாராம். எங்கள் அறையில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. அந்தப் பெண் கீழவாசல் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. அவள் போன பிறகு காய் வாங்க மறந்து நிற்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் காலத்தில் இன்னும் கெட்டிக்கார இயந்திரங்கள் வரும். நன்றாகவே வேலை செய்யும். அவற்றைப் பயன்படுத்துங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அவற்றிடம் ஒருவர் பேசுகிறார் என்றால் உங்களிடம் பேசுகிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள். என்றைக்காவது ஒரு நாள், நீங்கள் கேட்காமல் விட்டு, அந்தத் தாள் உங்கள் மேஜைக்கும் வரும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருப்பார்கள். உங்களுக்கும் வீட்டுக்கடன் இருக்கும். தேதியைச் சரியாகப் போடுங்கள்.